ஷட்டருக்கு மூன்று பூட்டு, கணனிக்குத் திறந்த வாசல்

கடையை அடைக்கும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை. இது வாப்பா பழக்கிய பழக்கம். புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் அவர் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த காலத்தில், கடைப் பையன் மூன்று பூட்டையும் போட்டு முடித்த பிறகு, ஒவ்வொன்றையும் தன் கையால் இழுத்துப் பார்ப்பார். "பூட்டுறது பையன்ட வேல, இழுத்துப் பாக்கிறது முதலாளிட வேல" என்பார்.

அந்தக் கடையைத்தான் நான் இன்று நடத்துகிறேன். பூட்டு, கொண்டி, தாழ்ப்பாள், பிணைச்சல் எல்லாம் எமது கடையில் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். ஊருக்கெல்லாம் பூட்டு விற்ற எனது கடைக்குள், யாரும் நுழையக் கூடிய ஒரு வாசல் பத்து மாதங்களாகத் திறந்தே கிடந்தது. அதை நான் ஒருநாளும் இழுத்துப் பார்க்கவில்லை. காரணம், அப்படி ஒரு வாசல் இருப்பதே எனக்குத் தெரியாது.

கணனி வலையமைப்புக்குப் போடும் காவலான ஃபயர்வோல் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். தீச்சுவர் என்றும் தமிழில் இதனை எழுதுகிறார்கள். "இது கணனி படித்தவர்களின் விடயம், எமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கும் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் புரட்டியிருப்பேன். அதற்குக் கொடுத்த விலையைக் கேட்டுவிட்டுப் புரட்டுங்கள்.

ஊரடங்கில் திறந்த வாசல்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது கடை மூடப்பட்டது. ஆனால் கணக்கு மூடப்படவில்லை. வெளியூர்க் கடைகளுக்குக் கொடுத்த கடன், வங்கியில் போட வேண்டிய பின்திகதியிட்ட காசோலைகள், இறக்குமதியாளருக்குக் கொடுக்க வேண்டிய பணம் எல்லாம் கடைக் கணனியில் இருந்தன. கணக்காளரோ தன் வீட்டில் இருந்தார்.

எமக்குக் கணனி வேலை பார்த்துத் தரும் தம்பியிடம் சொன்னேன். "பயப்படாதீங்க ஹாஜியார், அஞ்சு நிமிஷ வேல" என்றார். உண்மையாகவே ஐந்து நிமிடத்தில், கணக்காளர் தன் வீட்டில் இருந்தபடியே கடைக் கணனியின் திரையைப் பார்த்து வேலை செய்யத் தொடங்கினார். எனக்குப் பெரிய சந்தோசம். அந்தத் தம்பிக்கு மனமாரத் துஆச் செய்தேன்.

அவர் செய்தது என்னவென்று பிறகுதான் விளங்கியது. எமது ரவுட்டரில் 3389 என்ற இலக்கத்தைக் கொண்ட வாசலைத் திறந்து, அதில் தட்டுகின்ற எவரையும் நேரே கணக்குக் கணனியிடம் அனுப்பிவிடும்படி அமைத்திருந்தார். விண்டோஸ் கணனியைத் தூரத்திலிருந்து இயக்குவதற்கான வாசல் அது. கணக்காளருக்கு மட்டும் என்று அவர் திறக்கவில்லை. உலகம் முழுவதற்கும் திறந்திருந்தார். உள்ளே வர விடாமல் மிஞ்சியிருந்தது கடவுச்சொல் ஒன்றுதான். அது எமது கடையின் பெயரும் அதன் பின்னால் 123உம்.

ஊரடங்கு நீங்கியது. கணக்காளர் கடைக்கு வந்துவிட்டார். வாசலை மூட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

2021 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தபோது கணனித் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. எமது பைல்கள் அனைத்தும் பூட்டப்பட்டு விட்டதாகவும், சாவி வேண்டுமானால் இரண்டாயிரம் டொலரை பிட்கொயினாக அனுப்ப வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. பிரதி எடுத்து வைப்பதற்காக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருந்தோம். அதை எந்நேரமும் அதே கணனியில் செருகியே வைத்திருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டு விட்டது.

பின்னர் வந்து பார்த்த வேறொரு டெக்னீஷியன் கணனியின் பதிவேட்டைக் காட்டினார. அந்த வாசலில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான தடவைகள் கடவுச்சொல்லைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் இரவெல்லாம் எமது ஷட்டருக்கு முன்னால் நின்று கொண்டு சாவிக் கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்ததைப் போன்றது அது. தெருவில் அப்படி நின்றிருந்தால் காவலாளி பிடித்திருப்பான். இங்கே காவலாளியே இல்லை.

நாம் பணம் அனுப்பவில்லை. கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. விற்பனைப் பிரதிநிதிகளின் கார்பன் பில் கொப்பிகளையும் லாச்சியில் கிடந்த காசோலைகளையும் வைத்துக் கொண்டு ஐந்து வாரங்கள் இரவு பகலாகக் கணக்கை மீண்டும் எழுதினோம்.

அந்த நாட்களில் மனிதர்களைக் கண்டேன். கல்முனையில் இருந்து ஒரு கடைக்காரர் தானாகவே தொலைபேசி எடுத்தார். "ஹாஜியார், உங்கட கணக்குத்தானே அழிஞ்சி போச்சு, எங்கட கொப்பி இரிக்கிதானே" என்று சொல்லித் தான் தர வேண்டியதைச் சதம் பிசகாமல் வாசித்தார். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு சிலர் மௌனமாக இருந்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இன்றுவரை வரவில்லை.

ஆனால் இன்றும் என்னை உறுத்துவது வராத பணமல்ல. குருநாகலில் ஒருவர், இருபது வருட வாடிக்கையாளர். பில் கொப்பி கிடைத்தது, அவர் பணம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதி கிடைக்கவில்லை. கணக்குப்படி பணம் பாக்கி என்று நினைத்து எமது பையன் அவரிடம் போய்க் கேட்டுவிட்டான். அவர் கட்டி முடித்திருந்தார். பற்றுச்சீட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். நான் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்து உபசரித்தார். ஆனால் அதன் பிறகு எம்மிடம் அவர் சாமான் எடுக்கவில்லை.

ஒரு போர்ட்டைத் திறந்து வைத்ததால் போன நட்டம் இது. எந்த டெக்னீஷியனின் அறிக்கையிலும் இது இருக்காது.

ஃபயர்வோல் என்றால் என்ன?

புறக்கோட்டையில் கடைகள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. ஒரு கடையில் தீப்பிடித்தால் அடுத்த கடைக்குத் தாவாமல் தடுக்கும் கனமான சுவருக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கணனி வலையமைப்பில் அதே பெயரைக் கொண்டிருப்பது, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்து அனுமதிக்கும் ஒரு காவலாளி.

கணனிக்கு இணையத்துடன் பேசுவதற்கு 65,535 இலக்கமிட்ட வாசல்கள் இருக்கின்றன. போர்ட் என்று இவற்றைச் சொல்கிறார்கள். இணையத்தளங்களைப் பார்ப்பதற்கு 80, 443. பைல்களைப் பகிர்வதற்கு 445. தூரத்திலிருந்து கணனியை இயக்குவதற்கு 3389. ஃபயர்வோல் என்ற காவலாளியின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். யார், எங்கிருந்து, எந்த வாசலால், யாரிடம் போகலாம் என்று அதில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான ஃபயர்வோல்கள் இதனை மேலிருந்து கீழாக வாசிக்கும். முதலில் பொருந்துகின்ற வரியின்படி நடக்கும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது.

ஆகவே பட்டியலின் கடைசி வரி "மேலே சொல்லாத எவரையும் விடாதே" என்பதாக இருக்க வேண்டும். ஆனால் நடப்பதென்ன? ஏதோ ஒரு மென்பொருள் வேலை செய்யவில்லை என்று நாம் அவசரப்படுத்துவோம். டெக்னீஷியன் "எல்லோரையும் விடு" என்ற வரியை உச்சியில் போடுவார். மென்பொருள் வேலை செய்யும். நாமும் சந்தோசப்படுவோம். அதற்குக் கீழேயுள்ள வரிகளெல்லாம் அன்றிலிருந்து வெறும் எழுத்து.

இந்தப் பட்டியலை எழுதுவதைத்தான் ஃபயர்வோலைக் கட்டமைப்பது என்கிறார்கள். பெட்டியை வாங்கி வைப்பது வேறு, பட்டியலை எழுதுவது வேறு. காவலாளிக்குச் சம்பளம் கொடுத்து, யாரை விடலாம் என்று சொல்லாமல் வாசலில் நிறுத்தி வைத்தால் அவன் எல்லோருக்கும் சலாம் சொல்லி உள்ளே அனுப்புவான்.

மத்திய வங்கிக்கே நடந்தது

இது சின்னக் கடைக்காரர்களின் அறியாமை என்று எவரும் நினைக்க வேண்டாம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிகளுக்குள் புகுந்தவர்கள், அமெரிக்காவின் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அந்நாட்டுப் பணத்தில் 95 கோடி டொலரை மாற்றுமாறு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. ஆனால் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு 2 கோடி டொலர் எமது நாட்டுக்கு வந்தது. இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்ட அந்தப் பணம், "பவுண்டேஷன்" என்ற ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியதால் இடைநிலை வங்கிக்குச் சந்தேகம் வந்து பிடிபட்டது. பின்னர் மீட்கப்பட்டது. எழுத்துப் பிழை ஒரு நாட்டின் பணத்தைக் காப்பாற்றிய கதை அது.

எமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வந்த செய்தி. விசாரணை செய்த பங்களாதேஷ் பொலிஸ் அதிகாரி ஒருவர், அந்த வங்கியில் ஃபயர்வோல் இருக்கவில்லை என்றும், கணனிகளை இணைக்கப் பத்து டொலர் பெறுமதியான பாவித்த ஸ்விட்ச்களைப் போட்டிருந்தார்கள் என்றும் ரொய்ட்டர் செய்தி நிறுவனத்திடம் கூறினார். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் செய்யும் கணனிகள் வங்கியின் ஏனைய கணனிகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. ஓர் இடத்தில் புகுந்தவர்கள் மெல்ல மெல்லப் பணம் இருக்கும் இடம்வரை நடந்து போனார்கள்.

கோடிக்கணக்கான டொலரைக் காக்க வேண்டிய இடத்தில் பத்து டொலர் சாமானைப் போட்டவர்களைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் எமது கடைகளில் பதினைந்து இலட்சம் ரூபாவுக்குச் சாமான் இறக்கும் அதே நாளில், ரவுட்டருக்கு நாலாயிரம் ரூபா அதிகம் கேட்டால் "வேணாம், இருக்கிறதே போதும்" என்றுதானே சொல்கிறோம்?

"என்ட கடைய யார் தேடப் போறா?"

இந்தப் பேச்சை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். பதில் இதுதான்: உங்களை எவரும் தேடவில்லை. இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்ப்பதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. அவை ஆளைப் பார்த்துத் தட்டுவதில்லை. திறந்த வாசல் எங்கே கிடைக்கிறதோ அங்கே நுழைகின்றன. வங்கியா, வீடா, ஆணிக் கடையா என்பது உள்ளே வந்த பிறகுதான் அவற்றுக்குத் தெரியும்.

2016 ஒக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் சில மணித்தியாலங்கள் செயலிழந்தன. "மிராய்" என்ற மென்பொருள் செய்த வேலை அது. அதற்குப் படையாகப் பயன்பட்டவை சீசீடீவி கெமராக்களும், அவற்றின் பதிவுப் பெட்டிகளும், வீட்டு ரவுட்டர்களும்தான். தொழிற்சாலையில் போட்டு வந்த கடவுச்சொற்கள் அறுபதளவில் அந்த மென்பொருளிடம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே இலட்சக்கணக்கான கருவிகளுக்குள் அது நுழைந்தது.

திருடனைப் பிடிக்க நாம் மாட்டிய கெமராவே திருடனின் ஆளாக மாறுகிறது. எமது கடைகளில் கெமரா பூட்ட வருபவர், முதலாளி கையடக்கத் தொலைபேசியில் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பதிவுப் பெட்டியை ரவுட்டரில் "டிஎம்இசட்" என்ற இடத்தில் போட்டுவிட்டுப் போகிறார். அதன் அர்த்தம், அந்தப் பெட்டிக்கு எந்தக் காவலும் வேண்டாம், எல்லா வாசல்களையும் அதற்குத் திறந்துவிடு என்பதாகும். பெட்டியும் கணக்குக் கணனியும் ஒரே வலையமைப்பில் இருந்தால் மிகுதியைச் சொல்லத் தேவையில்லை.

முதலாளி கேட்க வேண்டியவை

நான் கணனி படித்தவனல்ல. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எமது கடையில் செய்து கொண்டவற்றை, மற்ற வர்த்தகச் சகோதரர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். உங்கள் டெக்னீஷியனை அருகில் இருத்தி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

முதலாவது, வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்களில் எவை திறந்திருக்கின்றன? சரியான பதில் "ஒன்றுமில்லை" என்பதுதான். சாதாரணக் கடைக்கு வெளியிலிருந்து எவரும் உள்ளே வரத் தேவையில்லை. நாம் இணையத்துக்குப் போய்க் கேட்பதற்குப் பதில் திரும்பி வருவதை ஃபயர்வோல் தானாகவே அடையாளம் கண்டு விடும். அதற்கு வாசல் திறக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வெளியிலிருந்து வேலை செய்ய வேண்டியவர்களுக்கு என்ன வழி? கணக்காளர் வீட்டிலிருந்து வேலை செய்வது பிழையல்ல. அதற்கு விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனிப்பாதை இருக்கிறது. ஆளுக்கு ஒரு சாவி, அதோடு கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு குறியீடு என்று அமைக்கலாம். அவர் வேலையை விட்டு நின்றால் அவருடைய சாவியை மட்டும் இரத்துச் செய்யலாம்.

மூன்றாவது, ரவுட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது? ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றி, புதியதைக் கடித உறையில் போட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரின் அமைப்புக்குள் வரும் வசதி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். "யூபிஎன்பி" என்ற வசதியும் அப்படியே. உள்ளேயிருக்கும் கருவிகள் எவரையும் கேட்காமல் தாமாகவே வாசல் திறந்து கொள்வதற்கு அது இடம் கொடுக்கிறது. ரவுட்டரின் உள் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் போட வேண்டும். பல வருடங்களாகப் புதிய பதிப்பே வராத பழைய ரவுட்டராக இருந்தால் அதை மாற்றி விடுவதே நல்லது.

நான்காவது, உள்ளே சுவர் இருக்கிறதா? கணக்கு மற்றும் பில் போடும் கணனிகள் ஒரு பகுதி. கெமராக்கள் இன்னொரு பகுதி. வாடிக்கையாளருக்கும் ஊழியர்களின் தொலைபேசிகளுக்கும் கொடுக்கும் வைஃபை மூன்றாவது பகுதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாதபடி ஃபயர்வோலில் எழுத வேண்டும். தேநீர் குடிக்க வந்தவர் வைஃபை கேட்டால் நாம் மறுப்பதில்லை. ஆனால் அவரைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதுமில்லையே.

ஐந்தாவது, ஒவ்வொரு கணனியிலும் விண்டோஸின் சொந்த ஃபயர்வோல் இயங்குகிறதா? 2004 இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சேர்விஸ் பெக் முதல் அது தானாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதற்காக எவரோ அதை நிறுத்தியிருப்பார்கள். ஒன்றுக்காக எல்லாவற்றையும் நிறுத்தாமல், அந்தப் பிரிண்டருக்கு மட்டும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஆறாவது, ஒரு கொப்பி. திறந்த வாசல் எது, யாருக்காக, எந்தத் திகதியில், எப்போது மூட வேண்டும் என்று எழுதி முதலாளியின் மேசையில் இருக்க வேண்டும். இதற்குக் கணனி அறிவே தேவையில்லை. எமது கடையில் இந்தக் கொப்பி 2020 இல் இருந்திருந்தால் "ஊரடங்கு முடியும்வரை" என்ற வரியைப் பார்த்து நானே மூடச் சொல்லியிருப்பேன்.

ஏழாவது, வருடத்துக்கு ஒருமுறையாவது வேறொருவரைக் கொண்டு வெளியிலிருந்து தட்டிப் பார்க்கச் செய்யுங்கள். கணக்கு எழுதியவரே கணக்காய்வு செய்வதில்லை என்பது வியாபாரிகளுக்குப் புதிய பாடமல்ல.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை இப்போது இருக்கும் ரவுட்டரிலேயே செய்யலாம். உள்ளே பகுதி பிரிப்பதற்கு அது போதாதென்றால், பீஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு நெட்வேர்க் கார்ட் கொண்ட ஒரு பழைய கணனியை அவை ஃபயர்வோலாக மாற்றிவிடும். அமைப்பதற்குத் தெரிந்த ஆள் வேண்டும், அதோடு பகுதிகளைப் பிரிக்கக்கூடிய ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். அவ்வளவுதான்.

சுவர் மட்டும் போதாது

ஃபயர்வோல் எல்லாவற்றையும் தடுக்கும் என்று எவராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். மின்னஞ்சலில் வந்த போலிப் பில்லை ஊழியர் திறந்தால், எங்கிருந்தோ வந்த பென் டிரைவைச் செருகினால், தொலைபேசியில் கேட்ட ஓடிபி இலக்கத்தை வாசித்துக் காட்டினால், வாசல் காவலாளி என்ன செய்வான்? நாமே கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தவர்களை அவன் தடுப்பதில்லை. பங்களாதேஷ் வங்கிக்குள்ளும் முதலில் நுழைந்தது மின்னஞ்சல் வழியாகத்தான். உள்ளே சுவர் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

அதனால் பிரதி அவசியம். அதுவும் கணனியிலிருந்து கழற்றி வைத்த பிரதி. 2023 இல் எமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை.

கொள்கலன்கள் மூலம் எமக்கெல்லாம் நன்கு தெரிந்த மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2017 ஜூனில் இதேபோன்ற தாக்குதலில் சிக்கியது. நட்டம் 20 முதல் 30 கோடி டொலர் வரை என்று நிறுவனமே மதிப்பிட்டது. உலகெங்கும் உள்ள அதன் வலையமைப்பின் முக்கிய சேர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தபோது, கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அந்நேரம் அங்கே மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்ததுதான் காரணம் என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. அந்த ஒன்றை வைத்தே மிகுதியை மீட்டெடுத்தார்கள். மின்வெட்டால் நன்மை கிடைத்த கதையை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எமது கணக்கை மின்வெட்டின் தயவில் விட முடியாது. எமது கடையில் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒன்று பிரதி எடுக்கும் நேரம் மட்டும் செருகப்படும், மற்றது எனது வீட்டு அலுமாரியில் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றுகிறோம்.

பொறுப்பு யாருடையது?

சம்பவத்துக்குப் பிறகு அந்தத் தம்பியைப் பலர் ஏசினார்கள். நான் ஏசவில்லை. அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? எதுவும் உடைந்தால் கூப்பிடுவோம், வந்தால் ஆயிரம் இரண்டாயிரம் கொடுப்போம், அதிலும் பேரம் பேசுவோம். அவசரமாகத் திறக்கச் சொன்னது நான். மூட வேண்டுமா என்று கேட்காமல் விட்டதும் நான். உடைந்ததைத் திருத்துவதற்கு மட்டுமே காசு கொடுத்துவிட்டு, உடையாமல் காப்பதையும் அவர் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி, எதைச் செய்ய வேண்டும் என்று எழுதி, ஒழுங்காகக் கொடுங்கள். ஒரு தெருவில் பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு நல்ல ஆளை வைத்துக் கொண்டால் செலவு பெரிதாகத் தெரியாது. காவலாளிக்கு நாம் அப்படித்தானே சேர்ந்து சம்பளம் கொடுக்கிறோம்? வர்த்தகச் சங்கங்கள் இதனை ஒரு வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

சட்டங்கள் இருக்கின்றன. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இப்படி நுழைபவனைக் குற்றவாளி என்கிறது. ஆனால் நுழைந்தவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று எவருக்குத் தெரியும்? மறுபக்கம், 2022 இல் நிறைவேற்றப்பட்ட 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மற்றவர்களின் விபரங்களை வைத்திருப்பவர்களின் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது. திருடனைப் பிடிப்பது கடினம். எமது பக்கத்தைச் சரிசெய்வது எமது கையில் இருக்கிறது.

எமது கணனியில் இருப்பது எமது சொத்து மட்டுமல்ல. யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார், யாருடைய காசோலை திரும்பியது, எவருக்கு எத்தனை நாள் தவணை கொடுத்தோம் என்பதெல்லாம் மற்றவர்கள் எம்மை நம்பித் தந்த அமானிதம். குருநாகல்காரர் மேசையில் வைத்துவிட்டுப் போன பற்றுச்சீட்டை நான் இன்னும் லாச்சியில் வைத்திருக்கிறேன்.

இப்போதும் இரவில் பூட்டுகளை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அதோடு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கடையை அடைக்கும் முன்னர், அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக் கொண்டு டெக்னீஷியனிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "தம்பி, இன்டைக்கு என்னென்ன வாசல் தொறந்திருக்கு?" அவர் ரவுட்டரின் பட்டியலைத் திரையில் காட்டுவார். நான் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிடுவேன். பத்து நிமிடம் போகும். இந்த வெள்ளிக்கிழமை நீங்களும் உங்கள் தம்பியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.